எஞ்சிய முக்காற் பங்கு

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய நன்னூலை எழுத்தும் சொல்லும் கூறும் இலக்கண நூலாகவே பலரும் அறிவர். அதன் முகப்பில் அமைந்த பொதுப்பாயிரமோ கல்வியைப் பற்றிய தனியொரு சிறு நூலாகவே விளங்குகின்றது. ஆசிரியர் இயல்பு யாது, பாடம் சொல்லும் முறை யாது, மாணாக்கர் இயல்பு யாது, பாடம் கேட்கும் முறை யாது என வகுத்துரைக்கும் அப்பகுதியில், வியப்பூட்டும் கணக்கொன்று காணப்படுகின்றது. ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் முற்றக் கேட்டு மனத்திற் கொண்டாலும், அவன் பெறும் புலமை காற் பங்கே. உடன் பயில்வாரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு காற் பங்கு வந்து சேரும். கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைக்கும் போதுதான் எஞ்சிய அரைப் பங்கும் நிரம்பி, புலமை குற்றம் நீங்கியதாகும்.

மாணாக்கன் கடமைகளை அடுக்கிக் கூறும் இடத்திலும், கேட்டவற்றைச் சிந்தித்தல், தன்னையொத்தாரோடு பயிலுதல், ஐயுற்றதை வினவுதல், பிறர் வினவியதற்கு விடை கூறுதல் என்பவற்றை அவர் சேர்த்தே ஓதுகின்றார். தமிழ் உரையாசிரியர்களின் நடையும் இதற்குச் சான்று பகரும். தாமே தடையொன்றை எழுப்பித் தாமே விடை கூறிச் செல்லும் அவர்தம் உரைகளில், ஆசிரியரும் மாணாக்கரும் எதிரெதிரே அமர்ந்து ஆராய்ந்த காலத்தின் குரல் கேட்கின்றது.

இக்கணக்கை நெஞ்சிற் கொண்டு பள்ளி வகுப்பறையை நோக்குவோர்க்கு உண்மையொன்று புலப்படும். செய்யுளை ஆசிரியர் படிக்கின்றார், சொற்பொருள் கூறுகின்றார், கருத்துரையைக் கரும்பலகையில் எழுதுகின்றார். மாணவர் அதனை எழுதிக்கொண்டு, மனனம் செய்து, தேர்வில் திரும்ப ஒப்புவிக்கின்றனர். இவ்வாறு நடைபெறும் இலக்கியக் கல்வி காற் பங்கோடு நின்றுவிடுகின்றது. இதற்கு ஆசிரியரை மட்டும் குறை கூறுவது முறையன்று. பாடத்திட்டத்தின் அளவும், தேர்வின் நெருக்கமும், வகுப்பின் எண்ணிக்கையும் அவரை அவ்வழியிற் செலுத்துகின்றன. இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதுமன்று. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டிலும் இதே குறை எழுந்தது. அதனைத் தீர்க்க அங்குச் சிலர் மேற்கொண்ட முயற்சியின் வரலாறு, இலக்கியம் கற்பிப்போர் அறிந்துகொள்ளத் தக்கது.

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்கள் நெடுங்காலம் இலக்கணப் பயிற்சிக்குரிய கருவிகளாகவே பயன்பட்டு வந்தன. மாணவர் வரிக்கு வரி மொழிபெயர்த்தனர். வேற்றுமை உருபுகளை ஒப்புவித்தனர். ஓமர் பாடியது ஒரு கதை என்பதே மறந்துபோகும் அளவிற்கு அப்பயிற்சி வறண்டிருந்தது. பின்னர் விருப்பப் பாடமுறை பரவியபோது, அனைவரும் பொதுவாகப் படித்த நூல்கள் என்று சொல்லத்தக்கவை குறைந்தன. ஒரே கல்லூரியில் பயின்ற இருவர் தம்முள் கூடிப் பேசுவதற்கு ஒரு நூலும் இல்லாத நிலை தோன்றியது.

நியூயார்க்கு நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஜான் எர்ஸ்கின் இதனை மாற்ற விரும்பினார். பெருநூல்களை வாரத்திற்கு ஒன்றாகப் படித்து, வாரம் ஒருமுறை மாலையிற் கூடிக் கலந்துரையாடும் வகுப்பு ஒன்றை அவர் முன்மொழிந்தார். உடன் பணியாற்றிய பேராசிரியர் பலர் இதனை எதிர்த்தனர். வாழ்நாள் முழுதும் ஆராயத்தக்க நூலை ஒரு வாரத்திற் படிப்பது மேலோட்டமான செயல் என்பது அவர்தம் வாதம். அந்நூல்கள் பேராசிரியர்களுக்காக எழுதப்படவில்லை. தம் காலத்து மக்கள் படிக்கவும் கேட்கவுமே எழுதப்பட்டன என்பது எர்ஸ்கின் கூறிய விடை. முதல் உலகப் போருக்குப் பின், 1920ஆம் ஆண்டில் அவ்வகுப்பு தொடங்கியது. சிறு சிறு குழுக்களாக மாணவர் அமர்ந்தனர். ஒவ்வொரு குழுவிற்கும் ஆசிரியர் இருவர் அமைந்தனர். ஆசிரியர் இருவரே தம்முள் மாறுபடுவதைக் கண்ட மாணவர், மாறுபடுதல் பிழையன்று என்பதை முதற்கண் கற்றனர்.

அவ்வகுப்பிற் பயின்றவருள் ஒருவர் மார்ட்டிமர் ஆட்லர். அவர் 1930ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகம் சென்று, அதன் தலைவரான ராபர்ட் ஹட்சின்சுடன் இணைந்து இம்முறையை அங்கு நிலைநாட்டினார். 1937ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலத்தின் அன்னாபொலிசு நகரிலுள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரி, தன் பாடத்திட்டம் முழுவதையும் பெருநூல்களின் மீதும் கலந்துரையாடலின் மீதும் அமைத்துக்கொண்டது.

இவையெல்லாம் கல்லூரி மாணவர்க்குரியவை. பதின்ம வயதினர்க்கு இம்முறை ஏற்குமா என்ற வினாவிற்கு விடை வேறோர் இடத்திலிருந்து வந்தது. நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் 1781ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பிலிப்ஸ் எக்சிட்டர் பள்ளிக்கு, எட்வர்டு ஹார்க்னஸ் என்னும் செல்வர் 1930ஆம் ஆண்டு 58 இலட்சம் டாலர் நன்கொடை வழங்கினார். கட்டடங்களை மட்டும் எழுப்புவது அவர் நோக்கமன்று. கற்பிக்கும் முறையிலேயே ஒரு புரட்சி நிகழ வேண்டும் என்பது அவர் விதித்த கருத்து. வரிசையாக அமர்ந்து ஒப்புவிக்கும் வகுப்பில், கூச்சமுடைய மாணவனும் மெல்லக் கற்கும் மாணவனும் கண்ணிற் படாமலே போய்விடுகின்றனர் என்பதை அவர் எண்ணினார். ஆசிரியரும் சில மாணவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் அச்சமின்றிப் பேசும் வகுப்பை அவர் வேண்டினார்.

பள்ளித் தலைவர் லூவிஸ் பெர்ரியும் ஆசிரியர்களும் அதற்கேற்பப் பள்ளியை மாற்றியமைத்தனர். ஏறத்தாழ 12 மாணவர் அமரத்தக்க முட்டை வடிவ மேசைகள் வகுப்புகளில் இடம்பெற்றன. அவ்வடிவம் அழகிற்காகக் கொள்ளப்பட்டதன்று. ஒவ்வொருவரும் மற்றெல்லாருடைய முகத்தையும் காண அது வழிசெய்தது. பின்வரிசை என்பதே இல்லாத வகுப்பில், மறைந்திருப்பதற்கும் இடமில்லை. மாணவன் தான் படித்துவந்ததை ஆசிரியர்க்கு ஒப்புவிப்பதை விட்டு, தன் தோழர்க்கு எடுத்துரைக்கத் தொடங்கினான். பவணந்தியார் கூறிய இரண்டாம் காற் பங்கும், எஞ்சிய அரைப் பங்கும் அம்மேசையின்மேல் ஒருங்கு கூடின எனலாம்.

ஆயினும், அது செல்வம் மிக்க தனியார் பள்ளி. பெண்கள் அங்குச் சேர்ந்து பயிலும் வாய்ப்பு 1970ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. பெரும்பொருள் கொடையாக வந்தாலன்றி இம்முறை நடவாது எனில், பொதுப் பள்ளிகளுக்கு அதனால் பயனில்லை. இவ்விடத்திற்றான் சிகாகோ முயற்சி மீண்டும் முக்கியமாகின்றது. ஹட்சின்சும் ஆட்லரும் 1947ஆம் ஆண்டு பெருநூல் அறநிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தனர். முதலில் அது முதியோர்க்கான வாசிப்புக் குழுக்களை நடத்தியது. 1962ஆம் ஆண்டு இளையோர்க்கான திட்டத்தைத் தொடங்கியது. சிறப்புப் பட்டம் பெற்ற அறிஞரே குழுவை நடத்த வேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியரும் தன்னார்வலரும் நடத்தினர். மேசையினும் இன்றியமையாதது நல்ல வினாவே என்பதை அத்திட்டம் காட்டியது.

அத்திட்டத்தின் விதிகள் மிகச் சில. நூற்பகுதியைப் படித்தவரே உரையாடலிற் கலந்துகொள்ளலாம். பேச்சு அந்நூற்பகுதியை விட்டு விலகலாகாது. கூறும் கருத்திற்கு நூலிலிருந்தே சான்று காட்ட வேண்டும். குழுவை நடத்துபவர் வினவலாமேயன்றி விடை கூறலாகாது. மேலும், வினா மூவகைப்படும். நூலிலுள்ள செய்தியைக் கேட்பது ஒன்று. நூலின் பொருளை ஆராயக் கேட்பது மற்றொன்று. நூல் கூறுவதை ஏற்கலாமா எனக் கேட்பது மூன்றாவது. இவற்றுள் உரையாடலின் உயிர்நாடி இரண்டாவதாகும்.

இப்பாகுபாட்டைச் சிலப்பதிகாரத்திற் பொருத்திப் பார்த்தால் அதன் பயன் விளங்கும். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்த பரல் எது, கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் எது என்பது செய்தி வினா. முத்து, மாணிக்கம் என விடை வந்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும். தவற்றை உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் நீத்த பின்னரும் கண்ணகி மதுரையை எரியூட்டியது ஏன் என்பது பொருள் காணும் வினா. மன்னன் இறந்தாலும் கோவலன் மீளவில்லையே என்பான் ஒரு மாணவன். தீக்கடவுளிடம் அறவோரையும் முதியோரையும் குழவியரையும் விட்டுத் தீயோரையே சேருமாறு அவள் பணித்ததைச் சுட்டி, அது கண்மூடிய சினமன்று என்பாள் ஒரு மாணவி. மதுராபதித் தெய்வம் தோன்றிக் கோவலனின் முற்பிறப்பு வினையைக் கூறுகின்றதே, அங்ஙனமாயின் பிழை யாருடையது என வினவுவான் வேறொருவன். வழக்குரை காதையும் வஞ்சின மாலையும் கட்டுரை காதையும் மீண்டும் மீண்டும் புரட்டப்படும். தேர்விற்காகப் படித்த அடிகள் அப்போது சான்றுகளாக மாறுகின்றன. ஒரு மன்னன் பிழைக்காக ஊர் அழிவது முறையோ என்னும் மதிப்பீட்டு வினா இதற்குப் பின்னரே எழ வேண்டும். அதனை முதலிலேயே எழுப்பினால், நூலைத் திறவாமலே வழக்காடும் வகுப்பாக அது முடியும்.

இரண்டாம் வகை வினாவைத் தேர்வதில் ஒரு நுட்பம் உண்டு. வினவும் ஆசிரியர்க்கே அதன் விடை உறுதியாகத் தெரிந்திருத்தல் கூடாது. விடையை உள்ளத்தில் ஒளித்து வைத்துக்கொண்டு வினவும் ஆசிரியரை மாணவர் எளிதில் அறிந்துகொள்வர். பின் அவர்கள் நூலை ஆராய்வதை விட்டு, ஆசிரியரின் முகத்தை ஆராயத் தொடங்குவர். ஆகவே இம்முறை ஆசிரியரிடம் வேண்டுவது அறிவோடு கூடிய அடக்கம். மாணவன் தயங்கும் சில நொடிகளில் தாமே பேசிவிடாமல் காத்திருப்பது, ஒரு மணி நேரம் விரிவுரை ஆற்றுவதினும் கடினமான பயிற்சியாகும்.

இம்முறையின் எல்லைகளையும் வரலாறு காட்டுகின்றது. ஆட்லரே 1982ஆம் ஆண்டு வெளியிட்ட பள்ளிக் கல்வித் திட்டத்தில் கற்பித்தலை மூன்றாக வகுத்தார். அறிவுச் செய்திகளை நேரே உணர்த்துவது ஒன்று. பயிற்சியளித்துத் திறனை வளர்ப்பது ஒன்று. வினாவி உரையாடி உண்மைப் பொருளை உணரச் செய்வது மற்றொன்று. மூன்றும் வேண்டுமென்றாரேயன்றி, மூன்றாவது முதலிரண்டையும் நீக்கிவிடும் என்றாரல்லர். பழந்தமிழ்ச் செய்யுளைக் கற்பிப்போர் இதனை எளிதில் உணர்வர். அருஞ்சொற்பொருள் அறியாதவன் கலந்துரையாட இயலாது. நன்னூலார் கணக்கிலும் ஆசிரியர் அளிக்கும் காற் பங்கே முதலில் நிற்கின்றது.

எந்நூல்களைப் பெருநூல் என்பது, அதனை முடிவு செய்பவர் யார் என்னும் வினாவும் எழுந்தது. 1952ஆம் ஆண்டு 54 தொகுதிகளாக வெளிவந்த மேலைநாட்டுப் பெருநூல் வரிசையில் பெண் எழுத்தாளர் ஒருவரேனும் இடம்பெறவில்லை. 1990ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவர்கள் சேர்க்கப்பட்டனர். ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகள் கூடிப் பேசத்தக்க நூல்களைத் தானே ஆராய்ந்து தேர வேண்டும் என்பதே இக்குறை கற்பிக்கும் பாடம்.

மாணவர் எண்ணிக்கை மிகுந்த வகுப்பில் இது இயலுமா என்னும் ஐயமும் இயல்பே. அதற்கும் வழி காணப்பட்டுள்ளது. வகுப்பை உள்வட்டம், வெளிவட்டம் என இரண்டாகப் பிரிக்கலாம். உள்வட்டத்தார் உரையாட, வெளிவட்டத்தார் எக்கருத்திற்குச் சான்று காட்டப்பட்டது, எதற்குக் காட்டப்படவில்லை எனக் குறித்துக்கொள்வர். பின்னர் இரு வட்டமும் இடம் மாறும். இதற்கு விலையுயர்ந்த மேசை வேண்டுவதில்லை. நாற்காலிகளை நகர்த்தும் துணிவு போதும். திங்களுக்கு ஒரு பாடவேளையேனும் இவ்வாறு ஒதுக்கினால், பாடத்திட்டம் பாழ்படாது.

மனனம் செய்த கருத்துரை தேர்வு முடிந்ததும் நினைவை விட்டு நீங்குகின்றது. தோழர் மறுத்துரைத்தபோது, நூலைத் திறந்து சான்று காட்டி நிறுவிய கருத்தோ மாணவனுக்கே உரிமையாகி, அவனோடு வாழ்கின்றது. பழைய நூல்கள் அச்சிற் கிடைப்பதனால் மட்டும் வாழ்ந்துவிடா. இளையோர் அவற்றைப் பற்றித் தம்முள் வழக்காடும் வரையிலேயே அவை வாழும் நூல்களாகும். வகுப்பின் ஓரத்தில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் மாணவனும் கண்ணகிக்காகவோ பாண்டியனுக்காகவோ ஒருநாள் பேச எழுவானாயின், அன்று அவனுக்கும் அந்நூலுக்கும் ஒருங்கே வாழ்வு கிடைக்கின்றது. காற் பங்கை ஆசிரியர் தம் உழைப்பால் நாள்தோறும் வழங்கி வருகின்றார். எஞ்சிய முக்காற் பங்கை மாணவர் தாமே ஈட்டிக்கொள்வதற்கு, வகுப்பறையில் அவர்க்கு இடமும் காலமும் அளித்தல் வேண்டும்.