உலர்ந்த தோலும் பதனிட்ட தோலும்: வோல்காக் கரை உரோமத் தோல்களும் ஃபிக்ஹு மரபும்

மிஷ்காத்துல் மஸாபீஹை அறியாத ஆலிம் நம் நாட்டில் இருக்க முடியாது. அந்நூலுக்கு மூலமாக அமைந்த மஸாபீஹுஸ் ஸுன்னாவை இயற்றியவர் இமாம் பகவீ (ரஹ்). ஹிஜ்ரி 516இல் (கி.பி. 1122) குராஸானின் மர்வுர் ரூத் நகரில் மறைந்த அப்பெருமகனாருக்கு 'அல்ஃபர்ராஃ' என்றொரு பெயரும் உண்டு. 'ஃபர்வ்' என்பது உரோமம் நீக்காத தோலால் தைத்த மேலாடை. அதைச் செய்து விற்பது அவருடைய குடும்பத் தொழிலாக இருந்தமையால் இப்பெயர் அமைந்தது என்பர். (இலக்கண மேதை அல்ஃபர்ராஃ வேறு, அவர் சொற்களை அறுத்து ஆராய்ந்தமையால் அப்பெயர் பெற்றார் என்று விளக்கம் தருவர்.)

ஆலிம்கள் வாழ்ந்த வீடுகளில் புழங்கிய இந்த உரோமத் தோல்கள் எங்கிருந்து வந்தன? அவற்றை உரித்தவர் யார்? எவ்வாறு உலர்த்தினர்? அவற்றை அணிந்து தொழலாமா? முதல் மூன்று கேள்விகள் வரலாற்றுக்குரியவை. கடைசிக் கேள்வி ஃபிக்ஹுக்குரியது. ஆனால் மூன்றாம் கேள்விக்கு விடை தெரியாமல் கடைசிக் கேள்வியின் நுட்பம் விளங்காது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கி.பி. 985ஆம் ஆண்டையொட்டி எழுதிய புவியியலறிஞர் முகத்தஸீ, குவாரஸ்ம் சந்தைக்கு வோல்கா நதிக்கரையின் பல்கார் நாட்டிலிருந்து வந்த சரக்குகளைப் பட்டியலிடுகிறார். ஸம்மூர், ஸின்ஜாப், காகும், நரி, கொறிவிலங்கு இனத்துப் பீவர், முயல் ஆகியவற்றின் தோல்கள் அதில் முன்வரிசையில் நிற்கின்றன; தேன், மெழுகு, வாள், அம்பர் முதலியன பின்னால் வருகின்றன. ஸம்மூர் என்பது மரநாய் வகையைச் சேர்ந்த சிறு விலங்கு. ஆங்கிலேயர் சேபிள் என்பர். ஸின்ஜாப் வடநாட்டுச் சாம்பல் அணில். காகும் குளிர்காலத்தில் வால்நுனி தவிர உடல் முழுதும் வெளுத்துவிடும் கீரியொத்த பிராணி.

இவ்வழியே பயணம் செய்து நேரிற் கண்டதை எழுதிவைத்தவர் இப்னு ஃபழ்லான். கலீஃபா முக்ததிரின் தூதுக்குழுவில் ஒருவராக ஹிஜ்ரி 309 ஸஃபர் மாதம் (கி.பி. 921 ஜூன்) பக்தாதிலிருந்து புறப்பட்ட அவர், மறு ஆண்டு மே மாதம் பல்கார் மன்னரைச் சென்றடைந்தார். இடையில் குர்கானஜில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுக் கிளம்பும்போது, ஆட்டுத்தோல் மேலாடை உட்பட அடுக்கடுக்காக அணிந்த உடைகளின் சுமையால் ஒட்டகத்தில் ஏறியபின் அசையவும் இயலாமற் போனதை அவரே கூறுகிறார். பல்கார் மக்கள் மன்னருக்கு வீட்டுக்கு ஒரு ஸம்மூர் தோலை ஆண்டுதோறும் செலுத்தினர்; அம்மன்னரும் கஸர் பேரரசருக்கு அதே கணக்கில் திறை கட்டினார். அங்கே தோலே வரியாகவும் திறையாகவும் இருந்தது. அதற்கு ஈடாக வடக்கே சென்றது வெள்ளி. ஷாஷ், ஸமர்கந்து நாணயச்சாலைகளில் ஸாமானிய அமீர்கள் அச்சிட்ட திர்ஹங்கள் இன்றும் ருஷ்ய நாட்டிலும் ஸ்வீடனிலும் மண்ணுக்கடியிலிருந்து கிடைக்கின்றன. 1999இல் ஸ்வீடனின் காட்லாந்து தீவில் ஸ்பில்லிங்ஸ் என்னுமிடத்தில் கண்டெடுத்த புதையலில் மட்டும் 14,000க்கு மேற்பட்ட நாணயங்கள் இருந்தன. அவற்றுள் மிகப்பெரும்பாலானவை கலிமா பொறித்த திர்ஹங்கள்.

இவ்வளவு வெள்ளியைத் தந்து வாங்கத் தக்கதா இத்தோல் என்ற ஐயம் அக்காலத்தவர்க்கும் எழுந்தது போலும். மஸ்ஊதீ ஒரு செய்தி தருகிறார். கலீஃபா மஹ்தீ, ரை நகரில் தங்கியிருந்த காலத்தில், எவ்விலங்கின் உரோமம் மிகுந்த வெப்பம் தரும் என்று அறிய விரும்பினார். குப்பிகளில் நீர் நிறைத்து, ஒவ்வொன்றின் வாயையும் ஒவ்வொரு வகை உரோமத்தால் அடைத்து, பனி பெய்யும் இரவில் வைக்கச் செய்தார். காலையில் எல்லாக் குப்பிகளும் உறைந்திருந்தன; கருநரி உரோமம் அடைத்த குப்பி மட்டும் உறையவில்லை.

இனி உலர்த்தும் முறைக்கு வருவோம். பயணிகள் கண்டது சந்தைக்கு வந்துவிட்ட தோலை. அதற்கு முன் நடந்ததை வடபுல வேட்டைச் சமூகங்களிடம் வழிவழியாக நிலைத்த கைப்பழக்கம் காட்டுகிறது. சிறு விலங்கின் வயிற்றைக் கீறுவதில்லை. ஒரு பின்காலிலிருந்து மறு பின்கால்வரை மட்டும் வெட்டி, காலுறையைக் கழற்றுவதுபோல் தலைப்பக்கமாக உருவி எடுப்பர். வால் எலும்பை இழுத்து அகற்றிவிடுவர். அது உள்ளே கிடந்தால் வால் அழுகி முடி உதிரும். பின்னர் நுனி கூம்பிய பலகையில், உரோமம் உள்ளேயும் ஊன்புறம் வெளியேயும் இருக்க, அத்தோலை உறைபோல் மாட்டுவர். கூர் மழுங்கிய கத்தியால் கொழுப்பையும் ஊன்துணுக்கையும் சுரண்டி நீக்குவது அடுத்த வேலை. இதில் சோம்பினால் எஞ்சிய கொழுப்பு சிக்கெடுத்துத் தோலை உள்ளிருந்தே அரித்துவிடும். அழுத்திச் சுரண்டினாலோ முடியின் வேர் அறுந்து உரோமம் கையோடு வரும்.

இழுத்துக் கட்டுவதிலும் அளவு உண்டு. மிகுதியாக இழுத்தால் தோல் பெரிதாகத் தோன்றும். ஆனால் உரோமம் அடர்த்தி குன்றும். வாங்குவோர் விரலால் முடியை ஊதிப் பிரித்து அதைக் கண்டுபிடித்துவிடுவர். தோல் காயுங்கால் சுருங்கிப் பலகையை இறுகப் பற்றுமாதலால், முன்னதாகவே ஓர் ஒல்லியான ஆப்பைத் தோலுக்கும் பலகைக்கும் இடையே செருகிவைப்பர். காய்ந்தபின் ஆப்பை உருவினால் பலகை தானே நெகிழும். நரித்தோல் பாதி காய்ந்ததும் கழற்றி, உரோமம் வெளியே வரும்படி திருப்பி மாட்டுவதும் உண்டு. உலர்த்தும் இடம் நிழலாகவும் காற்றோட்டமாகவும் இருத்தல் வேண்டும். நெருப்பருகே வைத்தால் தோல் வெந்து, வளைத்தவுடன் ஒடியும். பெரிய விலங்குகளுக்கு வேறு வகை: வயிற்றைக் கீறி விரித்து, வளைத்த கொம்பினுள் கயிற்றால் கோத்து இழுப்பர். வட அமெரிக்கக் குடியானவர்கள் ரக்கூன் என்னும் விலங்கின் தோலைச் சதுரமாக விரித்துக் களஞ்சியக் கதவில் ஆணியடித்து உலர்த்தியதும் இவ்வகையே. நாடும் விலங்கும் வேறாயினும் வேலை ஒன்றுதான்.

காய்ந்த தோலின் ஊன்புறம் வெளுத்திருந்தால் நடுக்குளிரில் பிடித்தது. கருநீலம் படர்ந்திருந்தால் முடி முற்றுமுன் இலையுதிர்காலத்திலேயே பிடித்தது. பொய் சொல்ல முடியாத சான்று இது.

இம்முறையில் உப்பு இல்லை, பட்டை இல்லை, சுண்ணாம்பு இல்லை. குளிரும் காற்றும் மட்டுமே. அப்படியிருந்தும் அத்தோல் ஆண்டுக்கணக்கில் கெடாது. எவ்வளவு காலம் என்பதற்குக் கிரனாதாவிலிருந்து வந்து பல்காரில் வாழ்ந்த அபூஹாமித் அல்கர்னாதீ (மறைவு கி.பி. 1170ஐ ஒட்டி) சாட்சி. ருஷ்ய நாட்டில் முடியெல்லாம் உதிர்ந்து, எதற்கும் பயன்படாத பழைய அணில் தோல்களே நாணயமாக வழங்கியதை அவர் கண்டார். தலையும் பாதமும் சிதையாமல் இருக்க வேண்டும்; பதினெட்டுத் தோல்களை ஒரு நூலில் கோத்து, ஈய முத்திரை இட்டால், அதை எவரும் மறுக்க முடியாது; அதன் மதிப்பு ஒரு வெள்ளித் திர்ஹம்.

ஆயினும் இத்தோலை நீரில் ஊறவைத்தால் என்ன ஆகும்? ஓரிரு நாளில் உரித்த அன்றிருந்த நிலைக்குத் திரும்பி அழுகத் தொடங்கும். உலர்த்துதல் அழுகலை நிறுத்திவைக்கிறதேயன்றித் தோலின் இழைகளை மாற்றுவதில்லை. துவர்ப்புப் பொருளிட்டுப் பதனிட்டால் இழைகளே மாறிவிடுகின்றன. பிறகு எத்தனை முறை நனைந்தாலும் அது தோல்தான், ஊன் அன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல் ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்ட தொட்டிகளைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வேற்றுமையின் மீதே நம் இமாம்களின் கருத்து வேறுபாடு நிற்கிறது. அன்னை மைமூனா (ரலி) அவர்களைச் சார்ந்த ஒரு பெண்மணிக்குக் கொடுத்த ஆடு செத்துக் கிடந்ததைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று வினவியதும், உண்பதே விலக்கப்பட்டது எனத் தெளிவுபடுத்தியதும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. நீரும் 'கரழ்' என்னும் கருவேல வகைக் காயும் தோலைத் தூய்மையாக்கும் என்ற அறிவிப்பும் உண்டு. ஆக, பதனிடுதல் என்றால் எது?

இமாம் நவவீ (ரஹ், மறைவு ஹி. 676) தம் மின்ஹாஜில் ஷாஃபிஈ நிலைப்பாட்டைச் சுருங்கச் சொல்கிறார்: தோலின் கசிவையும் அழுக்கையும் காரத்தன்மை கொண்ட பொருளால் அகற்றுவதே பதனிடுதல், வெயிலிலும் மண்ணிலும் காயவைப்பது ஆகாது. நனைத்தால் நாற்றம் திரும்பக்கூடாது என்பது உரையாசிரியர்கள் தரும் உரைகல். ஹனஃபீ மத்ஹபின் ஹிதாயா ஆசிரியர் மர்கீனானீ (ரஹ், மறைவு ஹி. 593), நாற்றத்தையும் சிதைவையும் தடுப்பது எதுவாயினும் அது பதனிடுதலே என்கிறார், வெயிலில் உலர்த்துவதும் அதில் அடங்கும். பல்கார் பலகையிலிருந்து கழற்றிய ஸம்மூர் தோல் இரண்டாம் இலக்கணப்படி தூயது. முதல் இலக்கணப்படி, ஃபர்ராஃ அதை நனைத்து மென்மையாக்கும்போது எப்பொருளை இட்டார் என்று பார்த்த பின்னரே சொல்ல முடியும். ஹன்பலீகளின் புகழ்பெற்ற கருத்தோ, செத்த பிராணியின் தோல் எதனாலும் தூய்மையாகாது என்பது. மாலிகீகளின் புகழ்பெற்ற கருத்தும் அதையொட்டியது, எனினும் உலர்ந்த பொருள்களுக்கும் நீருக்கும் பதனிட்ட தோலைப் பயன்படுத்த அவர்கள் இடமளித்தனர்.

உரோமச் சந்தையின் வழியில் வாழ்ந்த ஃபர்கானாவின் மர்கீனானீ எளிதாக்கினார், டமாஸ்கஸின் நவவீ கடிதாக்கினார் என்று முடிவுகட்ட ஆசை எழலாம். அது பிழை. ஹனஃபீ கருத்து கூஃபாவில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) காலத்தது. வணிகம் சட்டத்தைப் படைக்கவில்லை. இரு தரப்பும் ஒரே பொருளின் இருவேறு உண்மைகளைப் பற்றிக்கொண்டன என்பதே என் எண்ணம்: ஒருவர் தோல் இப்போது அழுகுகிறதா என்று பார்த்தார், மற்றவர் இனி அழுகுமா என்று கேட்டார்.

ஸம்மூர், ஸின்ஜாப் முதலியவை ஷாஃபிஈகளிடம் உண்ணத் தகுந்தவையே. முறைப்படி அறுத்திருந்தால் இக்கேள்வியே எழாது. ஆனால் தோலில் துளை விழாதிருக்க வேட்டையாடுவோர் கையாண்ட வழிகள் இரண்டு: கண்ணி, முனை மழுங்கிய மர அம்பு. நோவ்கொரோத் அகழாய்வில் அத்தகைய மர அம்புமுனைகள் கிடைத்துள்ளன. கழுத்து நெரிந்து செத்ததும் அடிபட்டுச் செத்ததும் அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனத்தில் பெயர் சுட்டி விலக்கப்பட்டவை. விலை குறையாத தோல் வேண்டுமெனில் விலங்கு மைத்தாவாகவே இருக்க வேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல் உரோமம். பதனிடும் காரம் தோலில் இறங்கும், முடியில் இறங்காது. ஆதலின் முடி தூய்மையாகாது என்பது ஷாஃபிஈகளின் வலுவான கருத்து. ஹனஃபீகளோ, முடிக்கு உயிரில்லை, அதனால் மரணம் அதைத் தீண்டாது என்றனர். எனினும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடமிருந்தே, தோலைப் பின்பற்றி முடியும் தூய்மையாகும் என்ற கருத்தை ரபீஉல் ஜீஸீ அறிவித்துள்ளார். தகிய்யுத்தீன் ஸுப்கீ (மறைவு கி.பி. 1355) உள்ளிட்டோர் அதையே தேர்ந்தனர். அத்தரப்பினர் காட்டும் சான்று கருதத்தக்கது: பாரசீகப் போர்களில் கிடைத்த உரோம ஆடைகளை ஸஹாபாக்கள் பங்கிட்டனர், அவை மஜூஸிகள் அறுத்தவை, எவரும் மறுக்கவில்லை.

பல்கார் மக்கள் தாமே எம்மரபினர்? இப்னு ஃபழ்லான் சென்றபோது அங்கு முஅத்தின் இகாமத்தின் வாசகங்களை இருமுறை சொல்லக் கேட்டார். ஹனஃபீகள் இன்றும் அவ்வாறே சொல்வர். கலீஃபாவின் ஊரில் ஒருமுறைதான் என்று அவர் கூற, மன்னரும் மாற்றச் செய்தார். கோட்டை கட்ட வாக்களித்த நாலாயிரம் தீனார் வரவில்லை என்று தெரிந்ததும் பழையபடியே இருமுறை சொல்லுமாறு மன்னர் ஆணையிட்டார்!

நான்கு நூற்றாண்டுக்குப் பின் அவ்வழியைப் பற்றி எழுதிய இப்னு பதூதா, பல்காருக்கு அப்பால் நாற்பது நாள் தொலைவிலுள்ள இருள் நாட்டுக்கு வணிகர் நாய் பூட்டிய வண்டியில் செல்வதையும், சரக்கை வைத்துவிட்டு விலகினால் மறுநாள் அதனருகே தோல்கள் கிடப்பதையும் வருணிக்கிறார். அவர் அங்குச் செல்லவில்லை. பல்காருக்கே சென்றாரா என்று ஆய்வாளர் ஐயுறுவர். காகும் மேலாடை ஒன்று இந்திய நாட்டில் ஆயிரம் தீனார் பெறும் என்கிறார் அவர். பின்னாளில் மதுரை வரை வந்தவர். தில்லியில் காழியாக இருந்த மாலிகீ. தில்லியோ ஹனஃபீ நகரம்.

தில்லியில் குளிரும் உண்டு, மழையும் உண்டு. வெறுமனே உலர்த்திய தோல் மழையில் நனைந்துவிட்டால், நீங்கிய அசுத்தம் திரும்புமா? ஹனஃபீ நூல்கள் இக்கேள்வியையும் விட்டுவைக்கவில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடமிருந்து இரண்டு அறிவிப்புகள் உள்ளன: திரும்பும் என்று ஒன்று, திரும்பாது என்று மற்றொன்று. பின்வந்தோர் பலர் திரும்பாது என்பதையே ஏற்றனர்.