அடுக்களைப் புகையும் முப்பத்து மூன்று போலிகளும்

பட்டிமன்றம் நமக்குப் புதிதல்ல. புகாரில் இந்திர விழா தொடங்கும்போது, சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறலாம் என்று முரசறைந்ததை மணிமேகலை என்னும் பௌத்தக் காப்பியம் சொல்கிறது. வாதுக்கு அழைத்து ஆசிரியர்கள் கொடி நாட்டியதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இவற்றை மட்டும் பார்த்தால், பழந்தமிழர் தருக்கம் பயின்றது எதிராளியை மடக்கத்தான் என்று தோன்றும். ஆனால் தருக்கத்தின் அரிச்சுவடியைத் தமிழில் விரிவாகச் சொல்லும் பழைய இடமான மணிமேகலையின் 29ஆம் காதை வேறொன்றைச் சொல்கிறது: வாதம் கற்பவர் முதலில் சோதிக்க வேண்டியது தம் சொல்லைத்தான்.

காஞ்சியில் தருமம் கேட்க வந்த காப்பியத் தலைவி மணிமேகலைக்குப் பௌத்தத் துறவி அறவண அடிகள் எடுத்த எடுப்பில் தருமத்தைச் சொல்லிவிடவில்லை. அறியும் வழியான அளவை இரண்டு, காட்சியும் கருத்தும் என்று தொடங்குகிறார். இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். பொருத்திக் காட்டும் உபநயமும் முடிவுரைக்கும் நிகமனமும் சேர்ந்து வாதத்தின் உறுப்பு ஐந்து. அந்த இரண்டையும் திட்டாந்தத்திலேயே அடக்கிவிடலாம் என்கிறார். சரியான வாதத்துக்கு இவ்வளவே போதும். போலி எனப்படும் பிழைகளுக்கோ நீண்ட பட்டியல் தருகிறார்: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. ‘என் தாய் மலடி’ என்பது தன்னையே மறுக்கும் கூற்று. யாருக்கும் உடனே பிடிபடும். ‘ஒலி நிலையற்றது, ஏனெனில் அது அறியப்படுகிறது’ என்பது அப்படியல்ல. கேட்கச் சரியாகவே இருக்கும். நிலையற்ற குடமும் அறியப்படுகிறது, நிலையான ஆகாயமும் அறியப்படுகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே ஏது இரு பக்கமும் சாய்வது தெரியும். முடிவு நமக்குப் பிடித்ததாக இருந்தால் இந்த ஓட்டை கண்ணில் படாது. பட்டியல் நீண்டதற்குக் காரணம் இதுதான்.

இதெல்லாம் இரவல் சரக்கு என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். சங்கரசுவாமி இயற்றியதாகச் சொல்லப்படும் நியாயப்பிரவேசத்திலும் இதே 33 போலிகள் உண்டு. அந்த நூலை யுவான் சுவாங் 647இல் சீனத்தில் பெயர்த்தார். ஆனால் தருக்கத்தை வைத்த இடம் காப்பியத்துக்கே உரியது. 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சியில் பல சமயக் கணக்கர்களின் கொள்கைகளைக் கேட்கிறாள். 29இல் அளவை கற்கிறாள். 30இல்தான் தருமம் முழுதாக விரிகிறது. கேட்டதற்கும் ஏற்பதற்கும் நடுவே ஒரு சல்லடையாகத் தருக்கம் நிற்கிறது.

சல்லடையைத் தந்தவரே பௌத்தர், அதில் பௌத்தம் தேறாமல் போகுமா என்பது இன்னும் கூர்மையான மறுப்பு. அறவணர் நடுநிலையாளர் அல்லர் என்பதை ஒப்பத்தான் வேண்டும். ஆனால் அளவைக்கோலைப் பூட்டி வைக்க முடியாது. சமண நூலான நீலகேசி வாதத்தாலேயே பௌத்தரை எதிர்த்தது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவையையும் விளக்குகிறது; பரபக்கத்தில் பிற சமயங்களை மறுத்த பிறகே தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். கொள்கையில் ஒன்றாத இவர்கள், காரணம் கேட்கப்பட்டால் சொல்லியாக வேண்டும் என்பதில் ஒன்றினார்கள். பட்டிமண்டபம் என்ற சொல்லை நாம் கைவிடவில்லை. மேடை ஏறுமுன் தன் ஏதுவைத் தானே உரசிப் பார்க்கும் அந்தப் பாடம்தான் காஞ்சியிலேயே நின்றுவிட்டது.