கோப்பு திறக்கிறது, தமிழ் தெரியவில்லை!

வீட்டுக் கணிப்பொறியில் ஓர் ஆவணத்தைத் திறக்கிறோம், படிக்கிறோம், திருத்திச் சேமிக்கிறோம். இன்று சிறுவர்களும் செய்யும் வேலைதான். ஆனால் 1990களில் தட்டெழுதிய ஒரு தமிழ்க் கடிதத்தை இன்று திறந்து பாருங்கள். தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் விந்தையான குறிகளும் திரையை நிரப்பக்கூடும். கோப்பு கெட்டுவிட்டதா? அதில் ஓர் எண்கூட மாறியிராது. பின் தமிழ் எங்கே போயிற்று?

இதை அறிய, திறப்பதும் சேமிப்பதும் என்னவென்று முதலில் காண்போம். இடையஞ்சாவடிப் பக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மரக்காணம் உப்பளங்கள் வரும். பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கரையேற்றி மூடிவைக்கும் முன் மழை கொட்டினால் உப்பு கரைந்துவிடும். கணிப்பொறியின் தற்காலிக நினைவகமும் அந்தப் பாத்தியைப் போன்றதே. ஆவணத்தைத் திறக்கும்போது, தட்டிலுள்ள கோப்பின் நகல் அங்கே வருகிறது. நாம் திருத்துவது அந்த நகலைத்தான். மின்சாரம் நின்றால் அது மறைந்துவிடும். சேமிக்கும்போதுதான் நம் திருத்தங்கள் தட்டுக்குக் கரையேறுகின்றன.

தட்டில் பதிவது எழுத்தின் வடிவம் அன்று, எண். 1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி முறையில் 128 இடங்கள் உண்டு. ஒரு பைட்டில் அடங்குபவை 256 எண்கள். ஆங்கிலத்துக்கு உரிய 128 போக எஞ்சியவை 128. தமிழுக்கோ 247 எழுத்துகள்! ஆகவே கால், கொம்பு போன்ற குறிகளுக்குத் தனி எண் கொடுத்துச் சேர்த்து எழுதினர். சில எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழை அமர்த்தின. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதில் ஒற்றுமை இல்லை. எழுதியவரிடம் இருந்த எழுத்துரு படிப்பவரிடம் இல்லையென்றால் தமிழ் தெரியாது.

இத்தகைய சூழலில், 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில், பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீடுகளை ஏற்றது. இணையத் தமிழர்கள் பலர் திஸ்கி என்னும் குறியீட்டைக் கையாண்டனர். ஒற்றுமை இன்னும் கைகூடவில்லை.

1991இல் வெளிவந்த யூனிக்கோடு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் பட்டியல். அதில் 2944 முதல் 3071 வரை தமிழின் இடம். ‘க’வின் எண் 2965. விண்டோஸ் 2000 இதைத் தமிழுக்கு ஏற்றபின் வீட்டுக் கணிப்பொறிகளிலும் பொதுத் தமிழ் நுழைந்தது. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிக்கோடையும், அதனுடன் டேஸ் 16 குறியீட்டையும் ஏற்றது. மதுரைத் திட்டமும் தன் நூல்களைத் திஸ்கிக்கும், பிறகு யூனிக்கோடுக்கும் மாற்றியது.

இம்மாற்றம் எண்ணுக்கு எண் மாற்றுவதோடு முடிவதில்லை. ‘கொ’ என்பதைப் பழைய முறைகள் கொம்பு, க, கால் என்று எழுதும் வரிசையில் பதிந்தன. யூனிக்கோடில் முதலில் க, பின்பே ஒகரக் குறி. ஆகவே மாற்றும் நிரல், வரிசையையும் திருத்தியாக வேண்டும்.

உங்கள் வீட்டிலும் பழைய தட்டுகளில் தாத்தாவின் கடிதமோ, ஊர்ச் சங்கத்தின் தீர்மானமோ இருக்கலாம். மூலக் கோப்பின்மேல் சேமித்துவிடாதீர்கள். முதலில் நகல் எடுங்கள். எந்த எழுத்துருவில் தட்டெழுதினார்கள் என்று, எழுதியவர் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யூனிக்கோடுக்கு மாற்றி, வரிக்கு வரி சரிபார்த்து, இரண்டு இடங்களில் வையுங்கள்.

புதுச்சேரியிலுள்ள சைவ ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓலை செல்லரிக்கும் முன் புது ஓலையில் படியெடுத்த கைகளால்தான் பழைய நூல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன. கோப்புக்கும் அந்தக் கைகள் வேண்டும்.