எலும்பு கூடினால் போதுமா?

முறிந்த எலும்பு கூடிவிட்டால் நோயாளி நலமடைந்துவிட்டான் என்று கருதுவோர் பலர். வரலாறு வேறு கூறுகின்றது.

1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது, தொடையெலும்பு முறிந்த போர்வீரருள் பெரும்பாலோர் மாண்டனர். காலை நீட்டி அசையாமல் தாங்கும் சட்டம் ஒன்றை லிவர்ப்பூல் மருத்துவர் ஹ்யூ ஓவன் தாமஸ் முந்திய நூற்றாண்டிலேயே வகுத்திருந்தார். அவர்தம் உறவினரும் மாணவருமான ராபர்ட் ஜோன்ஸ் அதனைப் போர்க்களத்தில் பரப்பினார். உயிர்கள் பல பிழைத்தன.

ஆயினும், கையும் காலும் ஒருங்கே சிதைந்து, அறுவைக்குப்பின் நெடுநாள் கிடந்தோரின் மூட்டுகள் இறுகின, தசைகள் மெலிந்தன. ஆகவே, 1916இல் இலண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் மருத்துவமனையில் ஜோன்ஸ் தொழிற்கூடங்களை அமைத்தார். தோளும் முழங்கையும் இயங்க வீரர்கள் வாள் இழுத்து மரம் அறுத்தனர். கணுக்கால் இயங்க மிதிபொறி மிதித்தனர். உழைப்பே மருந்தாயிற்று.

தேர்வில் வென்றும் கற்றதைக் கையாள அறியாதவனை, ஆசிரியனாகிய நான் கற்றவன் என்று கொள்ளேன். கூடியும் இயங்காத எலும்பு அத்தகையதே. விபத்தினின்று மீளும் தோழன் ஒருவன் தடுமாறி நடக்கக் கண்டால், இரங்கி அவனை உட்கார வைத்துவிடாதீர்கள். மருத்துவர் விதித்த பயிற்சியை அவன் தானே முடிக்கத் துணை நில்லுங்கள்.