சதிரில் பாட்டும் பயிற்சியும்

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) ஆண்ட காலத்தில், முத்துசுவாமி தீக்ஷிதரிடம் சங்கீதம் பயின்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நான்கு சகோதரர்கள், இன்று பரதநாட்டியம் எனப்படும் சதிரில் அதுகாறும் ஆடப்பட்டு வந்த உருப்படிகளை அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் ஒரு கிரமத்தில் அமைத்து, அதற்கு வேண்டிய ஜதிஸ்வரங்களையும் வர்ணங்களையும் தாமே இயற்றித் தந்தனர். ஆகவே, நர்த்தகி தன் கச்சேரிக்குப் பாட்டைத் தெரிந்தெடுத்தாள் என்று சொல்வது பாதி உண்மையே. வரிசை முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. தெரிவுக்கு இடமிருந்ததெல்லாம் பெரும்பாலும் எந்த வர்ணம், எந்தப் பதம் என்பதில்தான்.

அந்தத் தெரிவும் மனம்போன போக்கில் நிகழ்ந்ததன்று. பல்லவியின் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் புதியதொரு பாவம் காட்டி, இடையிடையே தீர்மானம் என்னும் ஜதிக் கோவைகளும் ஆடி, ஒரு மணி நேரம்கூட நீளக்கூடிய வர்ணத்திற்கு, எத்தனை முறை கேட்டாலும் சலிக்காத விஸ்தாரமுள்ள ராகம் வேண்டும். பைரவி, தோடி, சங்கராபரணம் போன்ற பெரிய ராகங்களில் வர்ணங்கள் பலவும் அமைந்ததற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதத்தின் கதை வேறு. பதினேழாம் நூற்றாண்டில் க்ஷேத்ரக்ஞர் தெலுங்கில் பாடிய பதங்கள் ஏட்டில் மட்டும் இருந்து பயனில்லை. அவற்றின் விளம்ப நடையும் கமக நுட்பமும் குடும்பங்களில் வாய்வழியாகவே வாழ்ந்தன. வீணை தனம்மாளின் (1867–1938) இல்லம் அத்தகைய பொக்கிஷம். அவர் பேத்தி பாலசரஸ்வதி (1918–1984) நாட்டியம் கற்றது தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்பப் பிள்ளையிடம். ஏழு வயதில், 1925-ல், காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் அபிநயம் பயின்றார். ஆட்டத்திற்குப் பாடியவர் தாயார் ஜயம்மாள். தம்பியர் ரங்கநாதன் மிருதங்க வித்துவான், விசுவநாதன் புல்லாங்குழல் வித்துவான். வீட்டிலேயே ஒரு மேளம்! ஒத்திகைக்கென்று நாள் குறிக்க வேண்டிய தேவை அங்கே எங்கிருந்து வரும்?

ஆட்டம் பயிற்றும் நட்டுவனார் தட்டுமனை என்னும் மரக்கட்டையில் தட்டுக்கழியால் தாளமிட, அடவுகளை மூன்று காலத்திலும் பழகியாக வேண்டும். பாவமற்ற தூய ஆட்டமான நிருத்தத்தில் கண்டிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அபிநயத்தில், பாட்டும் பொருளும் உள்ளத்தில் ஊறிய பின்னர், இன்ன அடிக்கு இன்ன கை என்று முடிந்த முடிபாகக் கட்டி வைப்பதில்லை. ஓர் அடியின் பொருளைப் பலவாறு விரித்துக் காட்டும் சஞ்சாரி அந்தந்த நேரத்துப் பாட்டிலிருந்து பிறந்தது. அன்று பாடுவோரும் மிருதங்கக்காரரும் நர்த்தகியின் பின்னால் நின்றபடி, அவள் முன்னேறினால் முன்னேறி, பின்வாங்கினால் பின்வாங்கிச் சென்றனர். முகவீணை என்னும் ஊதுகருவியும் சுருதி கூட்டும் துத்தியும் உடன் ஒலித்தன. பாலசரஸ்வதியோ தாமே பாடிக்கொண்டும் அபிநயித்தார்.

1935-ல் அடையாற்றில் ருக்மிணி தேவி ஆடத் தொடங்கிய காலத்தை ஒட்டி, பக்கவாத்தியத்தார் மேடையின் ஒருபுறம் அமர்வது வழக்காயிற்று. ரசிகரின் கண்ணுக்கு அது ஒழுங்காகவே இருந்தது. அந்த மாற்றத்தை நான் குறை சொல்லேன். ஒலிப்பதிவை ஓடவிட்டு ஒத்திகை பார்க்கும் இக்காலப் பழக்கத்தைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. பதிவு செய்த பாட்டு நர்த்தகிக்காக ஓர் அடியைக்கூட மீண்டும் பாடாது. சஞ்சாரியோ அந்த மீட்சியை நம்பியே நிற்பது. பதம் ஆட விழையும் இளம்பெண்கள், முத்திரை பிடிக்கும் முன் அப்பதத்தைத் தாமே பாடக் கற்றுக்கொள்ளும்படி ஆசிரியர்கள் வற்புறுத்த வேண்டும்.