செம்பிலை விட்டில்

இலங்கையைக் கிரேக்கர்கள் 'தப்ரொபனே' என்றார்கள். அது 'தீப ராவணன்', அதாவது ராவணனின் தீவு என்று அண்மையில் ஒரு மேடையில் ஒருவர் முழங்கினார். அரங்கு கைதட்டியது. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நம் பக்கத்து மொழிகளில் தீவு என்ற சொல் பெயருக்குப் பின்னால்தான் வரும்: நாகத்தீவு, மணிபல்லவத்தீவு. சிங்களத்தீவை ஆறாம் நூற்றாண்டுக் கிரேக்க வணிகர் கொஸ்மாஸ் 'சியெலெதிபா' என்றார். அராபியர் 'செரந்தீப்' என்றனர். இரண்டிலும் தீவு வாலில்தான் நிற்கிறது. தப்ரொபனேயில் மட்டும் அது தலைக்கு ஏறியது எப்படி? இதற்கு விடை சொல்லாத வரை ராவணனைப் பேச வேண்டியதில்லை.

தப்ரொபனே, தீவின் பழம்பெயரான 'தம்பபண்ணி'யின் கிரேக்க வடிவம். அந்தப் பெயருக்குப் பாலி நூலான மகாவம்சம் சொல்லும் கதையும் நிற்காது. தீவில் வந்திறங்கிய விசயனின் ஆட்கள் மண்ணில் கையூன்ற, கை செம்பு நிறமானதாம், அதனால் தம்பபண்ணியாம். கை என்றால் 'பாணி'. பெயரில் இருப்பதோ 'பண்ணி'. அது 'பர்ணி' என்பதன் பாலி வடிவம். பர்ணம் இலை. தாம்ரபர்ணி என்றால் செம்பிலை. அசோகனின் பாறைக் கட்டளைகளில் சோழர் பாண்டியரோடு வரும் தம்பபண்ணியும் இதுவே. நம் பொருநை ஆற்றுக்கும் அதே பெயர், தாமிரபரணி. ஆறு கடலில் விழும் புன்னைக்காயலுக்கு எதிர்க்கரைதான் அந்தத் தீவு. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் ஆற்றுப் பெயரையும் தீவுப் பெயரையும் சேர்த்தே ஆராய்ந்தார். 'தாமிரவருணி' என்று எழுதிச் செம்பு வண்ணம் என்று பொருள் சொல்பவர்கள் அசோகன் கல்லில் உள்ள பகரத்தை ஒருமுறை பார்க்கட்டும்.

தப்ரொபனே என்ற இந்தப் பெயர் ஒரு பூச்சியின் மேலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பிரடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் விவரித்து எழுதினார். அதற்குப் படம் தீட்டியவர்கள் பேராதனைத் தோட்டத்து ஓவியர்களான டி அல்விஸ் குடும்பத்தார். லின்னேயஸ் 1758இல் 'அட்லஸ்' என்று பெயரிட்ட பெருவிட்டிலின் உறவுதான் இது என்றாலும், தீவில் கிடைத்ததை மூர் வேறாகக் கண்டு 'அட்டாகஸ் தப்ரொபானிஸ்' என்றார். 1989இல் பூச்சியியலாளர் பீக்லர் அந்தப் பேரினம் முழுவதையும் மறு ஆய்வு செய்தபோதும் அது தனி இனமாகவே நின்றது. தீவின் பெயர் பெற்றாலும் அது தீவோடு நிற்பதில்லை. நம் தெற்கு மலைத்தொடரிலும் இருக்கிறது.

பாபநாசத்தில் ஓர் ஐப்பசி இரவில் விளக்கடிச் சுவரில் அதைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்த அகலம். சிறகு முழுக்கத் துலக்காத செப்புக்குடத்தின் நிறம். நான்கு சிறகிலும் செதிலே இல்லாத முக்கோணச் சன்னல். அதன் வழியே சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது. முன்சிறகின் நுனி பாம்புத் தலை போல வளைந்திருந்தது. அதற்கு உண்ண வாய் கிடையாது. புழுவாய் இருந்தபோது தின்றதுதான் கடைசி வரைக்கும். விடிந்த பிறகும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது, காய்ந்த செம்பிலை போல. வெளியே தாமிரபரணி இரைந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்டதைப் பாடநூல்கள் 'அந்துப்பூச்சி' என்கின்றன. அந்து நம் வீட்டுக் குதிருக்குள் நெல்லைத் துளைப்பது, பொடிப்பூச்சி. துணியை அரிப்பதற்குப் பொட்டு என்று தனிச் சொல் உண்டு. விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் யோபுவின் நூலில் அதைத்தான் எடுத்தாண்டார்கள். வடமொழிப் 'பதங்கம்' பறவைக்கும் கதிரவனுக்கும்கூடப் பொது. விட்டிலிலும் ஒரு சிக்கல் உண்டு. கன்னட 'மிடதெ', தெலுங்கு 'மிடுத' எல்லாம் வெட்டுக்கிளியைக் குறிப்பவை; விட்டிலும் அவற்றின் இனம், துள்ளுவதால் வந்த பெயர் என்றே நினைக்கிறேன். ஆனால் விளக்கைத் தேடி வருவதை விட்டில் என்று சொல்லித் தமிழ் வாய்க்குப் பழகி எத்தனையோ காலமாயிற்று. அந்தச் சொல் போதும்.

மூர் தான் வைத்த பெயரில் செம்பிலையை நினைத்தாரா என்று கேட்பார்கள். நினைத்திருக்க வேண்டியதில்லை, சொல் தானே தன் பொருளைத் தேடி வந்து சேர்ந்திருக்கிறது என்பதே என் துணிபு. பாடநூல் எழுதுவோரை நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த பதிப்பில் இந்தப் பூச்சியின் படத்தின் கீழே 'செம்பிலை விட்டில்' என்று அச்சிடுங்கள்.