மரங்கொத்தியின் வீடு



சிங்கப்பூர் சிராங்கூன் சாலையைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. அந்தப் பெயர் 'ரங்கோங்' என்று மலாய்க்காரர் அழைத்த ஒரு சதுப்புநிலப் பறவையிடமிருந்து வந்தது என்பர். பெயர் தங்கிவிட்டது, பறவை இல்லை. அந்தத் தீவு அவ்வாறு இழந்த இன்னொரு பறவையைப் பற்றி இன்று பேசுவோம்.

மரங்கொத்தி என்றால், தென்னையில் தொற்றி ஏறும் பொன்முதுகுப் பறவைதான் நம் நினைவுக்கு வரும். சிங்கப்பூர்க் காட்டில் ஒரு முழத்துக்கும் மேல் நீளமான சாம்பல் நிற மரங்கொத்தி வாழ்ந்தது. உலகில் இன்றுள்ள மரங்கொத்திகளில் அதுவே பெரியது. அது பெரும்பாலும் தனியே திரியாது. நாலைந்து பறவைகள் ஒரு குடும்பமாக, ஒன்றையொன்று கூப்பிட்டபடி மரம் விட்டு மரம் போகும். அத்தனை வயிற்றுக்கும் எறும்பும் கறையானும் கிடைக்கப் பரந்த காடு வேண்டும். பொந்து குடையவோ, பருத்த முதுமரம் வேண்டும்.

1819-இல் ஆங்கிலேயர் வந்திறங்கியபோது தீவின் பெரும்பகுதி காடுதான். பிறகு மிளகும் கேம்பியரும் பயிரிட்டார்கள். கேம்பியர் என்பது வெற்றிலையோடு மெல்லவும் தோல் பதனிடவும் உதவும் சரக்கு. அதன் இலையைக் காய்ச்ச விறகு விறகாகக் காடு எரிந்தது. சில ஆண்டுகளில் மண் சாரமிழக்கும். உடனே அடுத்த காட்டை அழிப்பார்கள். 1854-இல் புக்கிட் தீமாவில் தங்கிய வாலஸ் என்ற அறிஞர் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைப் பிடித்தார். சீன மரவெட்டிகள் விட்டுச்சென்ற மரத்தூளும் பட்டையுமே அவ்வளவு வண்டுகளை வளர்த்தன என்று அவரே எழுதியிருக்கிறார். வண்டுக்கு விருந்து, மரங்கொத்திக்கோ வீடு போயிற்று. 1880-களில் அரசு காட்டை அளந்து பார்த்தபோது பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

ரப்பர் கன்றுகள் 22 சிங்கப்பூர் வந்தது 1877-இல். மரத்தைச் சாகவிடாமல் பால் சீவும் முறையைப் பூந்தோட்டத்துத் தலைவர் ரிட்லி கண்டறிந்தது அதற்கும் பிறகு. ஆகவே பழியெல்லாம் பால்மரத்தின்மேல் போடுவது நியாயமன்று. ஆனாலும் ஒரே வயதில் வரிசையாக நின்று, முப்பது ஆண்டுக்குள் வெட்டுப்படும் மரத்தில் அந்தப் பெரிய பறவை குடியிருக்க முடியாது. சாம்பல் மரங்கொத்திக் குடும்பங்கள் அங்கே அற்றுப்போயின. வெள்ளை வயிற்று மரங்கொத்தி என்னும் இன்னொரு பெரிய இனம் புக்கிட் தீமாவில் சிலகாலம் தாக்குப்பிடித்துப் பின் மறைந்தது.

சிறியவை பிழைத்துக்கொண்டன. செம்பழுப்பு மரங்கொத்தியின் துணிச்சலைப் பாருங்கள்! வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடும் கடியெறும்பு மரக்கிளையில் பழுப்பு உருண்டையாகக் கூடு கட்டுமல்லவா? எறும்புகள் உள்ளே இருக்கும்போதே இப்பறவை அதைக் குடைந்து முட்டையிடும். அதன் இரையும் எறும்புதான்.

சிட்டுக்குருவி அளவேயுள்ள குட்டி மரங்கொத்தி இன்றும் நகரத்துச் சாலையோர மரங்களில் உண்டு. அதற்கு வேண்டியது பட்டுப்போன ஒரு கிளை. வழிப்போக்கர் தலையில் விழுமென்று நகராட்சி பட்ட கிளையைக் கழிக்கிறது, அதுவும் அவசியந்தான். தப்பிய கிளையில் ஒரு காசளவுத் துளை தெரிந்தால் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும். மரங்கொத்திகளில் பொதுவாக இரவுக் காவல் தகப்பனுடையது.